எதிரிக்கு அடைக்கலம் கொடுப்பவர் யார்?

மருந்து கொடுத்தார்கள். நோய் குறைய வேண்டும் அல்லவா? ரத்தத்தை எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். நோய் அணுக்கள் குறையவில்லை. முன்பு இருந்ததைவிடக் கூடியிருந்தன!

ஆனால் நோயாளியின் உடம்போ வேறு கதை சொல்லிற்று. கழுத்திலும் அக்குளிலும் நெல்லிக்காய் போலக் கட்டியிருந்த நெறிகள் வற்றிக்கொண்டு வந்தன. நோயாளி தெம்பாக நடமாடினார்.

ரத்தத்தில் நோய் கூடுகிறது. உடம்பில் நோய் குறைகிறது. இது என்ன விந்தை?

இது கற்பனைக் கதை அல்ல. ரத்தப் புற்றுநோயில் ஒரு வகைக்குக் கொடுக்கும் 'இப்ருடினிப்' என்ற மாத்திரை செய்த வேலை. 85 நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க டாக்டர்கள், 2013-ல் அந்த ஆராய்ச்சியின் முடிவை வெளியிட்டார்கள். பலருக்கு இப்படித்தான் நடந்தது. சில காலம் சென்றபின் ரத்தத்தில் கூடியிருந்த அணுக்களும் குறையத் தொடங்கின.

இந்தப் புதிருக்கு விடை, புற்றுநோய் அணுவைப் பார்த்தால் மட்டும் கிடைக்காது. அதன் பக்கத்து வீட்டில் இருப்பது யார் என்றும் பார்க்க வேண்டும். நோய் அணுவுக்கு இடம் கொடுத்து, உணவு கொடுத்து, மருந்து வரும்போது ஒளித்தும் வைக்கிறவர்கள் சிலர் நம் உடம்பிலேயே இருக்கிறார்கள். அவர்கள் யார்? ஏன் அப்படிச் செய்கிறார்கள்? தினமும் மாத்திரை சாப்பிடும் நோயாளிக்கும், அவரைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்துக்கும் இதில் என்ன பாடம்? பார்ப்போம்.

ரத்தம் பிறக்கும் இடம்

ரத்தம் எங்கே உண்டாகிறது? இருதயத்தில் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இருதயம் ரத்தத்தை இறைக்கும் பம்பு மட்டுமே. ரத்த அணுக்கள் பிறப்பது எலும்புக்குள்!

ஆட்டுக்கறிக் குழம்பில் நல்லி எலும்பு கிடைத்தால், அதைத் தட்டித் தட்டி உறிஞ்சுவோம் அல்லவா? உள்ளே இருந்து கொழகொழவென்று ஒரு பொருள் வரும். அதுதான் மஜ்ஜை. நம் எலும்புகளுக்குள்ளும் மஜ்ஜை இருக்கிறது. அங்கே ஒவ்வொரு வினாடியும் சுமார் 20 லட்சம் சிவப்பு அணுக்கள் பிறக்கின்றன. ஒரு சிவப்பு அணுவின் ஆயுள் சுமார் 120 நாள். பழையது அழிய அழியப் புதியது வந்துகொண்டே இருக்கிறது. நோயை எதிர்த்துப் போராடும் வெள்ளை அணுக்களில் பெரும்பாலானவையும் அங்கேதான் பிறக்கின்றன.

இத்தனை அணுக்களுக்கும் மூலம், மஜ்ஜையில் இருக்கும் 'தாய் அணுக்கள்'. அவை எண்ணிக்கையில் மிகக் குறைவு. பெரும்பாலான நேரம் உறங்கிக் கிடக்கும். தேவை வரும்போது விழித்துப் பெருகும்.

வெள்ளை அணுக்கள் கட்டுக்கு அடங்காமல் பெருகினால் அதுவே ரத்தப் புற்றுநோய். 1845-ல் ஜெர்மனியில் விர்ச்சோ என்ற டாக்டர், இறந்துபோன ஒரு நோயாளியின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிதமிஞ்சி இருப்பதைக் கண்டார். 1847-ல் அதற்கு 'லுக்கீமியா' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'வெள்ளை ரத்தம்' என்று பொருள். இது ஒட்டுவாரொட்டி நோய் அல்ல. நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பதால் மற்றவர்களுக்கு வராது.

விளக்கு மாடம்

வயலில் நாற்று தானாக வளர்ந்துவிடுமா? சேறு வேண்டும். தண்ணீர் வேண்டும். எரு வேண்டும். அதுபோலவே ரத்தத்தின் தாய் அணுக்களும் தனியே வாழ முடியாது. மஜ்ஜையில் அவற்றைச் சுற்றி வேறு பல அணுக்கள் இருக்கின்றன. எலும்பைக் கட்டும் அணுக்கள், ரத்தக் குழாயின் சுவராக அமைந்த அணுக்கள், கொழுப்பு அணுக்கள், நார் போல வலை பின்னும் அணுக்கள் என்று அதில் பல வகை உண்டு. இவை ரத்தமாக மாறுவதில்லை. ரத்தத்தை வளர்க்கும் வேலையைச் செய்கின்றன. இவற்றைத் 'துணை அணுக்கள்' என்று நாம் சொல்லலாம்.

துணை அணுக்களின் பெருமையை 1977-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து விஞ்ஞானி டெக்ஸ்டர் காட்டினார். அவரும் அவருடைய கூட்டாளிகளும் எலியின் மஜ்ஜையை எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்தார்கள். முதலில் துணை அணுக்கள் குடுவையின் அடியில் பாய் விரித்தது போலப் படிந்தன. அந்தப் பாயின் மேல் ரத்தத் தாய் அணுக்களை விட்டார்கள். அவை மாதக் கணக்கில் உயிரோடு இருந்தன! பாய் இல்லாவிட்டால் அப்படி வாழவில்லை.

மறு ஆண்டு, 1978-ல், அதே மான்செஸ்டரில் ஸ்கோஃபீல்ட் என்ற விஞ்ஞானி ஒரு கருத்தைச் சொன்னார். தாய் அணு தாய் அணுவாகவே நீடிக்க வேண்டுமானால், அதற்கென்று ஓர் இடம் வேண்டும் என்றார். அந்த இடத்துக்கு அவர் கொடுத்த பெயருக்குச் 'சுவரில் உள்ள மாடம்' என்று அர்த்தம். நம் கிராமத்து வீடுகளில் விளக்கு மாடம் இருக்கும். வெளியே எவ்வளவு காற்று அடித்தாலும் மாடத்தில் வைத்த அகல் அணையாது. அதுபோல மஜ்ஜையின் மாடத்தில் தாய் அணு பத்திரமாக இருக்கிறது.

துணை அணுக்கள் ஒரு ரசாயனப் பொருளையும் சுரக்கின்றன. பூவின் வாசனை வண்டை இழுப்பது போல, அந்தப் பொருள் தாய் அணுக்களை மாடத்துக்கு இழுத்து வைத்துக்கொள்கிறது.

எல்லாம் நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு சங்கடம்! அந்த மாடத்துக்குக் கதவு கிடையாது. நல்ல அணுவைக் காப்பாற்றும் அதே இடம், கெட்ட அணுவையும் காப்பாற்றும். துணை அணுக்களுக்கு 'இது நம் பிள்ளை, இது கெட்டுப்போன பிள்ளை' என்று தெரியாது.

குறி தவறாத மாத்திரை

முன்பெல்லாம் புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்துகள் வெள்ளம் மாதிரி. களையோடு பயிரையும் அடித்துக்கொண்டு போகும். தலைமயிர் உதிரும். வாந்தி வரும். நல்ல ரத்த அணுக்களும் சாகும். நோய் அணுவை மட்டும் குறி பார்த்துத் தாக்கும் மருந்து கிடைக்காதா என்று விஞ்ஞானிகள் ஏங்கினார்கள்.

வழி திறந்தது 1960-ல். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் நோவெல், ஹங்கர்ஃபோர்ட் என்ற இருவர், மெள்ள வளரும் ஒரு வகை ரத்தப் புற்றுநோயில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். குரோமோசோம் என்பது, உடம்பு எப்படி அமைய வேண்டும் என்ற குறிப்பு அடங்கிய நூல் இழை. 1973-ல் சிகாகோவில் ஜேனட் ரௌலி என்ற பெண் டாக்டர் அதன் காரணத்தைக் கண்டுபிடித்தார். குரோமோசோம் படங்களைக் கத்தரித்துச் சாப்பாட்டு மேசை மேல் பரப்பி வைத்து ஆராய்ந்தவர் அவர்! 9-ம் எண் குரோமோசோமின் ஒரு துண்டும் 22-ம் எண் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொண்டிருந்தன.

அதனால் என்ன கெடுதல்? ஒட்டிய இடத்தில் ஒரு புதிய புரதம் உண்டாகிறது. அது, 'பெருகு, பெருகு' என்று அணுவுக்குக் கட்டளையிடும் சுவிட்சு. போட்ட சுவிட்சு அப்படியே மாட்டிக்கொண்டால் பம்பு செட்டு ஓடிக்கொண்டே இருக்கும் அல்லவா? அதே கதைதான்.

அந்தச் சுவிட்சை அடைக்கும் மாத்திரைதான் 'இமாடினிப்'. சுவிட்சர்லாந்து மருந்துக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த லைடன் என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டத்தாரும் அதை உருவாக்கினார்கள். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்து டாக்டர் பிரையன் ட்ரூக்கர் அதைப் பரீட்சை செய்தார். 1998 ஜூன் மாதம் முதல் நோயாளி மாத்திரையை விழுங்கினார். போதிய அளவு மருந்து சாப்பிட்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரடைந்தது! பெரும்பாலோருக்கு நாலே வாரத்தில்! 2001 மே மாதம் அமெரிக்க சர்க்கார் அனுமதி கொடுத்தது. இந்த மாத்திரையில் சிகிச்சை தொடங்கியவர்களில் நூற்றுக்கு 83 பேர் 10 ஆண்டுக்குப் பின்னும் உயிரோடு இருந்தார்கள் என்று 2017-ல் வெளியான கணக்கு சொல்கிறது.

ஆனால் வேர் அறுபட்டதா?

கோரைக் கிழங்கு

வயலில் கோரை முளைத்தால் உழவர் என்ன சொல்வார்? 'மேலே பிடுங்கினால் போதாது, அடியில் கிழங்கு இருக்கிறது' என்பார். பத்து நாள் விட்டால் மறுபடியும் பச்சைப் பசேல் என்று தலை தூக்கும்.

ரத்தப் புற்றுநோயிலும் கிழங்கு இருக்கிறது. 2002-ல் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து ஆராய்ச்சிக்காரர்கள், நோயுற்ற தாய் அணுக்களை எடுத்து இமாடினிப் மருந்தில் வைத்துப் பார்த்தார்கள். பெருகிக்கொண்டிருந்தவை அடங்கின. உறங்கிக்கொண்டிருந்தவையோ சாகவில்லை! 2011-ல் ட்ரூக்கரின் கூட்டத்தார் இன்னொன்றையும் காட்டினார்கள். மருந்து அந்த அணுவுக்குள் போய்ச் சுவிட்சை அடைக்கத்தான் செய்கிறது. அப்படியும் அணு சாவதில்லை. சுவிட்சு இல்லாமலே பிழைத்திருக்க அதற்கு வேறு ஆதரவு இருக்கிறது.

அந்த ஆதரவில் ஒரு பங்கு துணை அணுக்களிடமிருந்து வருகிறது.

மருந்தே வழி காட்டுகிறது!

2008-ல் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார்கள்.

துணை அணுக்கள் வாசனை போல ஒரு பொருளைச் சுரக்கின்றன என்று சொன்னோம். அந்த வாசனையைப் பிடிக்க ரத்த அணுவின் மேல் ஒரு 'மூக்கு' இருக்கிறது. நோய் முற்றியிருக்கும்போது, மாட்டிக்கொண்ட சுவிட்சு அந்த மூக்கை மழுங்கச் செய்துவிடுகிறது. அதனால்தான் பக்குவமாகாத அணுக்கள் மஜ்ஜையில் தங்காமல் ரத்தத்தில் இறங்கித் திரிகின்றன.

மாத்திரை சுவிட்சை அடைக்கிறது. உடனே என்ன ஆகிறது? மழுங்கிய மூக்கு மறுபடி கூர்மை அடைகிறது. வாசனையைப் பிடித்துக்கொண்டு நோய் அணு துணை அணுக்களிடம் திரும்பி ஓடுகிறது. அவற்றோடு ஒட்டிக்கொண்டு உறங்குகிறது. உறங்கும் அணுவை மாத்திரை கொல்வதில்லை. ஆக, எதிரியை அடித்த மருந்தே, தப்பி ஒளிய வழியும் காட்டிவிடுகிறது!

இது ஆராய்ச்சிக் கூடத்தில் கண்டது. மாத்திரை கெடுதல் என்று இதற்கு அர்த்தம் அல்ல. பல்லாயிரம் பேரைச் சாவின் வாயிலிருந்து மீட்டது அதே மாத்திரைதான். நோய் ஏன் முழுதும் ஒழியாமல் பதுங்குகிறது என்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது என்பதே செய்தி.

துணை அணுக்கள் அனுப்பும் பொட்டலம்

மெள்ள வளரும் நோயின் கதை அது. வேகமாக வளரும் ரத்தப் புற்றுநோயும் உண்டு. அதில் ஒரு வகைக்கு 'குவிசார்டினிப்' என்ற மாத்திரை இருக்கிறது. அதுவும் ஒரு சுவிட்சை அடைப்பதுதான். முதலில் நன்றாக வேலை செய்யும். பிறகு சிலருக்கு நோய் மருந்துக்கு மசியாமல் திரும்பிவிடும். ஏன்?

ஆரிகன் மாநிலத்து ஆராய்ச்சிக்காரர்கள், இந்த மருந்து சாப்பிட்ட நோயாளிகளின் மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். மாறியிருந்தது நோய் அணு மட்டும் அல்ல. துணை அணுக்களும் மாறியிருந்தன! சிகிச்சை நடக்கும்போது அவை ஒரு வளர்ச்சிப் பொருளை அதிகமாகச் சுரந்தன. நோய் திரும்பி வருவதற்கு முன்பே அந்தச் சுரப்பு உச்சத்துக்குப் போயிருந்தது. அந்தப் பொருள் நோய் அணுவுக்குள் வேறொரு வழியைத் திறந்துவிடுகிறது. முன்கதவை மாத்திரை அடைத்தால் பின்கதவைத் துணை அணு திறந்துவிடுகிறது!

அந்தப் பொருள் எப்படிப் போய்ச் சேர்கிறது? 2019-ல் அதே இடத்து ஆராய்ச்சிக்காரர்கள் அதையும் கண்டார்கள். துணை அணுக்கள் கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறு பைகளில் அதைப் பொட்டலம் கட்டி அனுப்புகின்றன. நோய் அணு அதை வாங்கிக்கொள்கிறது. சிறைச்சாலையில் இருப்பவனுக்கு வெளியிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலம் போவது போல! பொட்டலம் கட்டும் வேலையைத் தடுக்கும் இன்னொரு மருந்தைத் துணை அணுக்களுக்குக் கொடுத்தால், பொட்டலங்கள் குறைந்தன. நோய் அணுவின் பாதுகாப்பும் குறைந்தது.

நோய் அணுவை மட்டும் அடிப்பது போதாது, அதற்குச் சோறு போடுகிறவரையும் நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் இதனால் வலுப்பட்டது.

எலும்புக்கும் ஒரு கணக்கு

'குறி பார்த்து அடிக்கும் மாத்திரை' என்று சொன்னாலும், இமாடினிப் ஒரே ஒரு சுவிட்சைத்தான் அடைக்கிறது என்று நினைக்கக் கூடாது. ஒரே பூட்டுக்குச் செய்த சாவி, அதே சாயலில் உள்ள வேறு சில பூட்டிலும் நுழையும் அல்லவா? துணை அணுக்களிலும் எலும்பைக் கட்டும் அணுக்களிலும் அப்படிப்பட்ட பூட்டுகள் இருக்கின்றன.

இதில் நன்மையும் உண்டு. நோய் முற்றிய சிலருக்கு மஜ்ஜையில் நார் மண்டி, தேங்காய் நார் போல அடைத்துக்கொள்ளும். இமாடினிப் சாப்பிட்ட பலருக்கு அந்த நார் குறைந்து, மஜ்ஜை பழைய நிலைக்கு வந்ததை டாக்டர்கள் பார்த்திருக்கிறார்கள். கரம்பாய்க் கிடந்த நிலம் திருந்தியது போல!

கவனிக்க வேண்டியதும் உண்டு. 2006-ல் நியூயார்க் டாக்டர்கள், இந்த மாத்திரை சாப்பிட்ட சிலருக்கு ரத்தத்தில் பாஸ்பேட் உப்பு குறைந்திருந்ததைக் கண்டார்கள். எலும்பு கட்டப்படுவதும் கரைவதும் மாறியிருந்தன.

பெற்றோர்களுக்கு ஒரு செய்தி. 2011-ல் ஜப்பான் டாக்டர்கள், இந்த மாத்திரை சாப்பிடும் 48 குழந்தைகளின் உயரத்தை அளந்து பார்த்த விவரத்தை வெளியிட்டார்கள். நான்கில் மூன்று பங்குக் குழந்தைகள் வயதுக்கு ஏற்ற வளர்த்தியில் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். வயதுக்கு வருமுன்பே மாத்திரை தொடங்கியவர்களிடம் இது அதிகம் தெரிந்தது. வயதுக்கு வரும் பருவத்தில் வளர்த்தி மீண்டது. உயரம் முக்கியமா, உயிர் முக்கியமா என்றால் உயிர்தான் முக்கியம். ஆனால் குழந்தையின் உயரத்தையும் எடையையும் அவ்வப்போது டாக்டரிடம் அளந்து பார்த்துக்கொள்வது நல்லது. 'பிள்ளை வளரவில்லையே' என்று தாமாகவே மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து.

புதிர் விடுபட்டது

இப்போது தொடக்கத்தில் சொன்ன விந்தைக்கு வருவோம். மருந்து கொடுத்ததும் ரத்தத்தில் நோய் அணுக்கள் ஏன் கூடின?

அந்த வகைப் புற்றுநோய் வயதானவர்களுக்கே பெரும்பாலும் வருவது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. நோய் அணுக்கள் உடம்புக்குள் நீண்ட நாள் வாழும். வெளியே எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்தால் சீக்கிரம் செத்துப்போகும்! உள்ளே யாரோ அவற்றைப் பேணுகிறார்கள் என்பது இதிலிருந்தே தெரிகிறது. 2000-ல் அமெரிக்காவில் டாக்டர் பர்கரும் அவருடைய கூட்டாளிகளும் அந்தப் பேணும் அணுக்களை அடையாளம் காட்டினார்கள். அவற்றுக்குச் 'செவிலி போன்ற அணுக்கள்' என்று பெயர் வைத்தார்கள். எத்தனை பொருத்தமான பெயர்! செவிலி பக்கத்தில் இருக்கும் வரை நோய் அணுவுக்குச் சாவு இல்லை.

இப்ருடினிப் என்ன செய்கிறது? நோய் அணு செவிலியோடு ஒட்டிக்கொள்ளும் பசையைத் தளர்த்துகிறது. வாசனை பிடித்து வீடு திரும்பும் வழியை மறக்கடிக்கிறது. நோய் அணு செவிலிகளையும் மற்ற உதவிக்காரர்களையும் அழைக்க அனுப்பும் செய்திகளையும் குறைக்கிறது. அதனால் நெறிக்கட்டிகளில் குடியிருந்த நோய் அணுக்கள் வீட்டை விட்டு வெளியேறி ரத்தத்தில் வந்து விழுகின்றன. ரத்தச் சோதனையில் எண்ணிக்கை கூடுகிறது. நெறிகள் வற்றுகின்றன.

வீடு இழந்தவன் எத்தனை நாள் தாங்குவான்? செவிலி இல்லாத நோய் அணுக்கள் மெள்ள மெள்ள மாய்கின்றன. ரத்தத்தில் கூடியது நோயின் வெற்றி அல்ல. நோய் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டதன் அடையாளம்! 2014-ல் அமெரிக்க சர்க்கார் இந்த நோய்க்கு இந்த மாத்திரையை அனுமதித்தது.

மாடத்தை இடித்துவிடலாமே?

வாசகர்கள் ஒன்று கேட்கலாம். 'துணை அணுக்கள்தானே எதிரிக்கு இடம் கொடுக்கின்றன? அவற்றையே ஒழித்துவிட்டால் என்ன?'

அது முடியாது. அதே மாடத்தில்தான் நல்ல தாய் அணுக்களும் இருக்கின்றன. திருடன் ஒளிந்திருக்கிறான் என்று பிள்ளைகள் தூங்கும் வீட்டுக்குத் தீ வைப்பார்களா? துணை அணுக்கள் செத்தால் புது ரத்தம் பிறப்பதும் நின்றுபோகும்.

ஆகையால் டாக்டர்கள் வேறு வழிகளைத் தேடுகிறார்கள். ஒட்டும் பசையைத் தளர்த்துவது, வாசனையை மறைப்பது, பொட்டலத்தைத் தடுப்பது என்று பல முயற்சிகள் நடக்கின்றன. வாசனையை மறைக்கும் மருந்து ஒன்று 2008-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது புற்றுநோய் அணுவைக் கொல்வதற்காக அல்ல. தாய் அணுக்களை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு இறக்கிச் சேகரித்து, சிகிச்சைக்குப் பின் மறுபடி ஏற்றுவதற்காக. அதே மருந்தால் நோய் அணுக்களையும் மாடத்திலிருந்து வெளியே இழுத்து, அந்த நேரம் பார்த்து அடிக்கலாமா என்று நோயாளிகளிடம் பரீட்சை செய்து பார்த்திருக்கிறார்கள். ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை.

'இன்றைக்கு ஒரு நாள்தானே?'

அந்த மருந்துகள் வரும் வரை நாம் என்ன செய்வது? கையில் இருக்கும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவது. பாடம் இதுதான்.

இமாடினிப் சாப்பிடுகிறவர் சில மாதத்தில் நல்ல தெம்பாகிவிடுகிறார். காய்ச்சல் இல்லை. வயிற்று வீக்கம் இல்லை. ரத்தச் சோதனையும் நன்றாக இருக்கிறது. 'இன்னும் எதற்கு மாத்திரை? கல்யாணத்துக்குப் போகிறோம், இன்றைக்கு ஒரு நாள்தானே' என்று தோன்றும். மாடத்தில் உறங்கும் எதிரி காத்திருப்பது அந்த ஒரு நாளுக்குத்தான்.

2010-ல் லண்டன் டாக்டர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 87 நோயாளிகளின் மாத்திரைப் புட்டி மூடியில் ஒரு சின்ன மின்னணுக் கருவியைப் பொருத்தினார்கள். புட்டி திறக்கப்படும்போதெல்லாம் அது குறித்துக்கொள்ளும். மூன்று மாதம் கணக்கெடுத்தார்கள். பத்து மாத்திரைக்கு எட்டுக்கு மேல் சாப்பிடாதவர்கள் 12 பேர். அவர்களில் ஒருவருக்குக்கூட நோய் வேண்டிய அளவு ஆழமாகக் குறையவில்லை!

அப்படியானால் ஆயுள் முழுதும் சாப்பிட வேண்டுமா? அதையும் பார்த்திருக்கிறார்கள். பிரான்ஸ் தேசத்து டாக்டர்கள், இரண்டு ஆண்டுக்கு மேல் மிக நுட்பமான சோதனையிலும் நோயே தென்படாத 100 பேரைத் தேர்ந்தெடுத்து மாத்திரையை நிறுத்தினார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் கவனிக்கப்பட்டவர்கள் 69 பேர். அவர்களில் 42 பேருக்கு நோய் திரும்பியது. அதில் 40 பேருக்கு ஆறு மாதத்துக்குள்ளேயே! மறுபடி மாத்திரை கொடுத்ததும் நோய் அடங்கியது. மற்றவர்கள் மாத்திரை இல்லாமலே நன்றாக இருந்தார்கள்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? சிலர் நிறுத்தலாம். யார் நிறுத்தலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல முடியும். நிறுத்திய பிறகும் அடிக்கடி ரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். உடம்பு தெம்பாக இருக்கிறது என்பது அத்தாட்சி ஆகாது.

விலைக்குப் பயந்து மாத்திரையை விடுகிறவர்களும் உண்டு. இந்த மாத்திரையின் விலைக் கதையில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கண்டுபிடித்த கம்பெனி, இமாடினிப்பின் ஒரு புது வடிவத்துக்கு இந்தியாவில் தனி உரிமை கேட்டது. 2006-ல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் அதை மறுத்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2013 ஏப்ரல் 1-ம் தேதி கோர்ட்டும் உரிமை இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. அதனால் இந்தியக் கம்பெனிகள் குறைந்த விலையில் இதே மருந்தைத் தொடர்ந்து விற்க முடிந்தது. பணமுடை வந்தால் மாத்திரையைக் குறைப்பதைவிட, டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லி வேறு வழி கேட்பதே நல்லது.

வீட்டில் யாராவது இந்த மாத்திரை சாப்பிடுகிறார்களா? மனைவியோ, மகனோ, மருமகளோ ஒருவர் பொறுப்பு எடுத்துக்கொள்ளலாம். தினமும் ஒரே நேரத்தில் மாத்திரையை எடுத்துக் கொடுக்கலாம். காலண்டரில் ஒரு கோடு போடலாம். வெளியூர் போனால் மாத்திரை டப்பாவை முதலில் பையில் வைக்கலாம்.

எலும்புக்குள் இருக்கும் எதிரிக்குப் பக்கத்தில் துணை இருக்கிறது. மருந்து சாப்பிடுகிறவருக்கும் துணை வேண்டாமா?